மெஷினே சொல்லும் மட்டம்

22.9.2025, திங்கள், வில்லியனூர்

சம்பா பருவம். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கமிருந்து டிராக்டர் வேலைகள் வந்துகொண்டே இருக்கின்றன: தேய்ந்த புஷ், வளைந்த பின், மோட்டார் ஷாப்ட். வேலைக்கொரு டூல். நாலுபக்க டூல் போஸ்ட்டில் டூலை மாற்றும்போதெல்லாம் அடியில் உடைந்த ஹேக்சா பிளேடுத் துண்டுகளைப் பேக்கிங்காகக் கொடுத்து, முனையைச் சென்டருக்கு, அதாவது ஸ்பிண்டிலின் நடு மட்டத்துக்கு, ஏற்ற வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வந்த தம்பி, டெயில்ஸ்டாக் சென்டரின் கூரைப் பார்த்து வைக்கிறான். முறை சரிதான். ஆனால் இந்தப் பழைய லேத்தில் டெயில்ஸ்டாக்கின் அடி தேய்ந்து, கூர் ஸ்பிண்டில் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்த மெஷினுக்கென்றே ஓர் உயர கேஜ் செய்துவிட வேண்டும்.

23.9.2025, செவ்வாய்

“அரை மில்லி தானே அண்ணே, என்ன ஆயிடும்?” என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினேன். 50 மில்லி ராடில் முனை அரை மில்லி ஏறினால் வெட்டுக்கோணம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறும். அதே அரை மில்லி, 6 மில்லி பின்னில் ஒன்பதரை டிகிரி. டூலுக்கு நாம் சாணை பிடித்துக் கொடுக்கும் இடைவெளிக் கோணமே எட்டு டிகிரி என்றால், முனை வெட்டாது, வயிறு உரசும், சூடேறும். தாழ்ந்து போனாலோ, மெல்லிய வேலை டூல் மேல் ஏறப் பார்க்கும். டேப்பர் கடைந்தால் பக்கம் நேராக வராமல் லேசாகக் குழியும்.

பிறகு முனையை வேண்டுமென்றே தாழ்த்தி ஒரு ராடின் முகத்தைப் பேஸிங் செய்யச் சொன்னேன். நடுவில் சின்ன மொட்டு நின்றது. அதன் விட்டத்தில் பாதிதான் முனை தாழ்ந்திருக்கும் அளவு. வெர்னியர் வைத்து அவனே அளந்தான், முகம் மலர்ந்தது.

25.9.2025, வியாழன்

மாலையில் கரண்ட் வந்ததும் கேஜ் வேலை. 40 மில்லி எம்.எஸ். ராடில் அடிக்கட்டை, அடிமுகத்தின் நடுவை லேசாகக் குழித்தேன், விளிம்பு மட்டும் உட்கார்ந்தால் ஆடாது. நடுவில் எம்10 மரை. அதில் ஏறி இறங்கும் தண்டு, பூட்ட ஒரு நட்டு. தண்டின் தலையில் 30 மில்லி வட்டத் தட்டு. தட்டையும் தண்டையும் ஒரே பிடியில் கடைந்தேன். அப்போதுதான் தட்டின் கீழ்முகம் தண்டுக்குச் செங்குத்தாக வரும். தட்டின் கனம் சரியாக 10.00 மில்லி. மைக்ரோமீட்டரில் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

27.9.2025, சனி

இன்று மட்டம் பிடித்தோம். மொட்டு அறவே மறையும்வரை பேக்கிங் மாற்றி பேஸிங் செய்தோம். மறைந்த இடத்தில் முனை ஸ்பிண்டிலின் நடுவில் நிற்கிறது. கேஜைக் கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்தில் வைத்து, தட்டின் கீழ்முகம் முனையைத் தொடும்வரை தண்டை இறக்கி, நட்டைப் பூட்டினேன்.

சரிபார்க்கத்தான் அந்த 10 மில்லி கனம். சக்கில் ஒரு ராடைப் பிடித்து 20.00 மில்லிக்குக் கடைந்தோம். அதன் உச்சி சென்டருக்கு 10 மில்லி மேலே. தட்டின் மேல்முகமும் அதே உயரம். இரண்டின் மேலும் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்தோம். வெளிச்சம் கசியவில்லை.

1.10.2025, புதன், ஆயுத பூஜை

லேத்தைத் துடைத்து எண்ணெயிட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மைக்ரோமீட்டர், வெர்னியர் வரிசையில் கேஜுக்கும் தம்பி பொட்டு வைத்தான். விலை கொடுத்து வாங்கிய கருவிகளுக்குள்ள மரியாதை இதற்கும் உண்டு.

3.10.2025, வெள்ளி

பாகூர் பட்டறைக்கார அண்ணன் வந்திருந்தார். தம்பி கேஜை வைத்து, பேக்கிங் கொடுத்து, ஒரே மூச்சில் டூலை மாற்றியதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதே அளவுல ஒண்ணு போட்டுக் கொடுப்பா” என்றார். இந்த அளவு அவருக்கு உதவாது. ஒவ்வொரு லேத்தின் சென்டர் உயரமும் தேய்மானமும் வேறு. அடிக்கட்டையும் தண்டும் நான் கடைந்து தருகிறேன்; மட்டத்தை அவருடைய லேத்தில்தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பியை பாகூருக்கு அனுப்புகிறேன். மொட்டை மறைய வைத்து நட்டைப் பூட்ட அவனுக்கு இப்போது தெரியும். அங்கே வேலை பழகும் பையனுக்கும் அவனே சொல்லிக்கொடுக்கட்டும்.