பாகனின் இடது கால்

முல்லைத்திணைப் பாடல்களை வாசித்தவர்களுக்குத் தேர்ப்பாகன் பழக்கமானவன். வினை முடித்துத் திரும்பும் தலைவன் அவனை விளித்து, தேரை விரைந்து செலுத்தச் சொல்வான். குதிரையின் பிடரியும் தேரின் மணியும் சக்கரம் கீறிச்செல்லும் ஈரமண்ணும் நம் மனக்கண்ணில் தெளிவாக விரிகின்றன. பாகன் காலை எங்கே ஊன்றியிருந்தான் என்ற கேள்வி மட்டும் நமக்கு எழுவதேயில்லை. வண்டியைப் புகழ்கிறவர்கள் ஓட்டுகிறவனின் காலை மறந்துவிடும் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. காடு மலை ஏறும் ஜீப் வகை வண்டிகளின் விளம்பரங்களில் குதிரைத்திறன் இருக்கும், வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பது இருக்கும், எவ்வளவு ஆழமான நீரில் இறங்கலாம் என்பதும் இருக்கும். ஓட்டுநரின் பாதத்துக்கு எவ்வளவு இடம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட விளம்பரம் எதுவும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

நாங்கள் இருவரும் பல ஆண்டுகளாக ஒரே பழைய ஜீப்பை மாறிமாறி ஓட்டி வருகிறோம். எங்களில் ஒருவரின் உயரம் ஆறடி, மற்றவரின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இப்படி இரண்டு உடல்கள் ஒரே இருக்கையில் அமரும்போதுதான், இருக்கைக்கும் பெடல்களுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு குழி யாருடைய அளவுக்கு வெட்டப்பட்டது என்ற கேள்வி எழுகிறது. ஆறடிக்காரரின் முழங்கால் ஸ்டியரிங் தண்டில் இடிக்கிறது. ஐந்தடிக்காரரின் குதிகால் தரையைத் தொடுவதில்லை. இருவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கிளட்சை மிதிக்காத நேரத்தில் இடது காலை வைக்க இடமில்லை.

இதற்கான காரணம் எளியது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற வரிசை உலகம் முழுவதும் இடமிருந்து வலமாக ஒன்றே. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. ஆகவே இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நாடுகளில் வண்டியின் நடுவிலுள்ள கியர்பெட்டியின் மேடு வலது காலுக்கு அருகில் வருகிறது. அது ஒருவகையில் உதவிதான். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் பாதத்தின் பக்கவாட்டை அதில் சாய்த்துக்கொள்ளலாம். நம்மைப் போல வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர்களுக்கு அதே மேடு இடது காலுக்குப் பக்கத்தில் வந்து, கிளட்சுக்கு இடப்புறம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தைத் தின்றுவிடுகிறது. சிறு காரில் இந்த மேடு தாழ்வானது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியிலோ, கியர்பெட்டிக்குப் பின்னால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் இன்னொரு பெட்டியும் உண்டு. மேடு பெருக்கிறது, காலிடம் சுருங்குகிறது. மறுபக்கத்தில் முன்சக்கரத்தின் வளைவு உள்ளே புடைத்துக்கொண்டு வருகிறது. இவற்றுக்கு நடுவே மிஞ்சியதுதான் ஓட்டுநருக்கு.

இதன் வரலாறு சுவையானது. அமெரிக்க ராணுவம் 1940 ஜூலையில் சிறு கள வண்டி ஒன்றைக் கேட்டபோது, முதல் மாதிரியை 49 நாட்களில் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்த அவசரத்தில் பிறந்த வம்சத்தின் புகழ்பெற்ற பிள்ளைதான் 1941 முதல் தயாரான வில்லிஸ் ஜீப். முன் பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம். எரிபொருள் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில். எஞ்சினை முடுக்கும் பொத்தானும், முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் பொத்தானும் காலால் அழுத்தும்படி தரையிலேயே இருந்தன. கால்களுக்கு அத்தனை வேலை! ஆக்ஸிலேட்டரின் அருகே வலது பாதத்தைத் தாங்க ஒரு சிறு தாங்கியும் கொடுத்திருந்தார்கள். முன் அச்சின் டிஃபரென்ஷியல் வலப்புறமாக ஒதுக்கப்பட்டது, இடப்பக்கம் அமர்ந்த ஓட்டுநருக்கு எதிர்ப்புறமாக. அந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை மட்டும் வலப்பக்கம் மாற்றினால், ஓட்டுநர் இயந்திரத்தின் கனத்த பக்கத்துக்கு மேலேயே வந்து அமர்கிறார்.

இங்கிலாந்திலும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டார்கள். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் முன்மாதிரி ஒன்றில் ஸ்டியரிங்கை வண்டியின் நட்டநடுவில் வைத்துப் பார்த்தார்கள். டிராக்டர்போல நடுவில் அமர்ந்து ஓட்டினால் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற வழக்கே இல்லை அல்லவா! ஆனால் அந்த யோசனை கைவிடப்பட்டது. அந்த லேண்ட் ரோவரின் நேர்வாரிசான டிஃபெண்டரின் தயாரிப்பு 2016 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. கடைசி வரை அதன் ஓட்டுநர்கள் தோளைக் கதவில் உரசியபடி, கால்களைக் குறுக்கிக்கொண்டுதான் ஓட்டினார்கள். அதன் பக்தர்கள் இதைக் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்வார்கள். சிரமத்தை வீரமாக மாற்றிக்கொள்ளும் மனித இயல்பு அது.

வீரத்துக்கு அப்பால் இதில் பாதுகாப்பு இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் நான்கு சக்கர இழுவையின் தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அப்போது ஓட்டுநர் பின்பற்ற வேண்டிய முதல் விதி, கிளட்சைத் தொடாதே என்பது. தொட்டால் எஞ்சினின் பிடி அறுந்து வண்டி தானாக உருளத் தொடங்கும். அதாவது, அச்சம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் இடது கால் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு அரிது என்பதைத் தாயுமானவரை வாசித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருப்பதற்கும் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். இடமில்லாத கால் தானாகவே கிளட்சின் மேல் போய் உட்காரும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் சென்றவர்கள் அந்தப் பாதையை மறந்திருக்க மாட்டார்கள். மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, வண்டிப்பாதையோ கேரளத்தின் வழியாக. பாறையும் பள்ளமுமாக ஏறும் அந்தப் பாதையில் ஜீப் தவிர வேறெதுவும் எளிதில் போகாது. எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநரின் இடது பாதம் கிளட்சை விட்டு நகரவேயில்லை. இளைப்பாற நிறுத்தியபோது, "அண்ணே, காலை அதிலேயே வைத்திருந்தால் கிளட்ச் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடாதா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "தேயும் சார். காலைத் தொங்க விட்டுக்கிட்டே எத்தனை நடை போறது? தட்டை மாத்திக்கலாம், முட்டியை மாத்த முடியுமா?"

அவர் சொன்னதில் பொறியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கால் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் தட்டு முழுமையாகப் பற்றாமல் வழுக்கும், சூடேறும், தேயும். அழுத்தாமல் அந்தரத்தில் பிடித்தால் தொடையின் தசை காலின் எடையை மணிக்கணக்கில் சுமக்க வேண்டும். இயந்திரமோ உடலோ, இரண்டில் ஒன்று தேய்ந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையில் அவரை வைத்தது, உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகை இல்லாத குறை.

வலது காலுக்கும் தொல்லை உண்டு. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது ஊன்றுகோலில்லாத பாதமும் குலுங்கி ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறது. வண்டி துள்ளுகிறது. துள்ளலில் பாதம் விலகி, மறுபடி விழுகிறது. வண்டி மீண்டும் துள்ளுகிறது. புதிதாக ஓட்டுபவர்கள் இதை எஞ்சின் கோளாறு என்று நினைப்பார்கள். குதிகால் தரையில் பதிந்து, பாதத்தின் வெளிவிளிம்பு எதிலாவது சாய்ந்திருந்தால் இந்தத் துள்ளல் பெருமளவு அடங்கிவிடும்.

குதிகால் தரையில் பதிய வேண்டும் என்பதில்தான் எங்களில் உயரம் குறைந்தவரின் வழக்கு தொடங்குகிறது. அவர் பெண். ஜீப் பெண்களுக்குச் சரிப்படாது என்று உறவினர்கள் முதல் பழுதுபார்க்கும் கடைக்காரர் வரை அனைவரும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கையைக் கடைசிவரை முன்னுக்குத் தள்ளினால்தான் அவரால் கிளட்சை அடிவரை மிதிக்க முடியும். அப்போது நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்கிவிடும். காற்றுப்பை உள்ள வண்டிகளில் மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர், இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை அறிவுறுத்துகிறது. எங்களுடைய வண்டியில் காற்றுப்பை கிடையாது, அந்த இடைவெளியும் கிடையாது. நாளடைவில் இடது முழங்காலில் வலி வந்தது. இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுக்கும் நிலை. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் குறையில்லை என்றார். பிறகு, "வண்டி ஓட்டும்போது காலை எதன்மேல் வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேட்காத கேள்வி.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955-இல் வெளியிட்ட நூலில் ஜோ, ஜோசஃபைன் என்று இரண்டு மாதிரி மனிதர்களை அறிமுகப்படுத்தினார். ஓர் ஆண், ஒரு பெண். பொருட்களை இவர்களுடைய அளவுகளுக்குப் பொருத்திப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். போர்க்களத்துக்குப் பிறந்த ஜீப்பின் வம்சத்தில் ஜோ மட்டுமே அமர்ந்து பார்த்திருக்கிறார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இவளால் முடியாது என்று ஓர் உடலைப் பார்த்துச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, இதில் இடமில்லை என்று ஓர் இயந்திரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் சில அங்குலங்கள்தான். அந்த அங்குலங்களை நாங்கள் அளந்தோம்.

கிளட்ச் பெடலின் முகம், அதை மிதிக்காத நிலையில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். மேட்டின் சரிவில் அதே சாய்வில் ஒரு கட்டையைப் பொருத்தினார் தச்சர். அது கிளட்சிலிருந்து போதிய அளவு விலகியிருக்குமாறும், காலணியோடு தூக்கி வைக்கும்போது விளிம்பில் மாட்டாதவாறும் மூன்று முறை செதுக்கினார். உயரம் குறைந்தவருக்காகக் குதிகால் படும் இடத்தில் ஓர் ஒட்டுப்பலகை போடப்பட்டது. ஆறடிக்காரர் ஓட்டும்போது கையாலேயே திருகைக் கழற்றி அதை எடுத்துவிடலாம். இருக்கை தைப்பவர் இருக்கையின் முன்விளிம்பில் நுரையைச் சற்றுக் குறைத்தார். முழங்காலுக்குப் பின்னால் அது அழுத்திக்கொண்டிருந்ததை அவர்தான் முதலில் கவனித்தார். மொத்தச் செலவு ஒரு டயரின் விலைகூட ஆகவில்லை. வலி சில மாதங்களில் விலகியது. அவர் இன்றும் ஓட்டுகிறார்.

இதைப் படித்துவிட்டுப் பலகை தேடிக் கிளம்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காலடியில் எதுவும் தளர்வாக இருக்கலாகாது. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம், தரைவிரிப்பு நகர்ந்து ஆக்ஸிலேட்டரைச் சிக்கவைக்கும் அபாயம் குறித்து ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளுக்கு அறிவிப்பு விடுக்க நேர்ந்தது. தட்டையான சாலையிலேயே நகரும் விரிப்பு, மலையில் என்ன செய்யும்? எதைப் பொருத்தினாலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு பெடலும் அடிவரை போய்த் திரும்புகிறதா என்று வண்டியை நிறுத்தி வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். சேறு படிந்த காலணி வழுக்காதபடி பலகையில் சொரசொரப்பான ரப்பர் ஒட்டுங்கள்.

இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் இடது காலுக்கென்று தனித் தாங்கி வந்துவிட்டது. கிளட்சே இல்லாத தானியங்கி வண்டிகளும் மலையேறுகின்றன. ஆனால் மலைகளில் பிழைப்புக்காக ஓடுபவற்றில் பழைய வண்டிகள் ஏராளம், அவற்றின் ஓட்டுநர்கள் அவற்றிலேயே மூப்படைகிறார்கள். வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். போனட்டைத் திறந்து பார்க்கும் முன் ஓட்டுநர் இருக்கையில் கால் மணி நேரம் உட்காருங்கள். வழக்கமாக அணியும் செருப்போடு உட்காருங்கள். உங்கள் வீட்டில் ஓட்டப்போகும் இன்னொருவரையும் உட்கார வையுங்கள். வாடகை ஜீப்பில் போகிறவர்கள், இறங்கும்போது ஓட்டுநரின் காலடியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே கட்டை எதுவும் இல்லையென்றால், அடுத்த ஊரில் ஒரு தச்சர் இருப்பார் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.