பெட்டியில் கீறிய வீடு

மொன்றியல் டவுன்டவுனில் வாடகைக்கு இருக்கும் அன்பர் ஒருவர். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடியும். ஜூலை 1 வீடு மாறும் நாள். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுகையில் அதன் மட்டையில் ஒரு வீடு கீறுவார்: லோறன்ரியன் மலைக் கிராமமொன்றில் நாற்சார் வீடு, கிடுகுவேலி, முருங்கை, துலாக்கிணறு. முற்றத்துப் பனியை யார் அள்ளுவதென்று மனைவி கேட்பார்.

உண்மையில் அது 1990இல் மயிலிட்டியில் விட்டுவந்த வீடு. 2017 ஜூலையில் அங்கே துறைமுகமும் ஒரு பகுதிக் காணிகளும் விடுவிக்கப்பட்டபின் போய்ப் பார்த்தார். கிணறு மட்டும் இருந்தது.

சென்ற ஜூலையில் பேத்தி படத்தைப் பார்த்து, "அம்மப்பா, என்ர அறை எது?" என்றாள். அந்த வீட்டில் அப்படியோர் அறை இருந்ததே இல்லை. மாட்டுக்கொட்டிலை அழித்தார். அந்த இடத்தில் ஓர் அறை கீறி, மலையைப் பார்த்தபடி யன்னலும் வைத்தார்.