ஏழு தளமும் எங்கள் இலக்கியம்பட்டியும்

கல்விச் சுற்றுலாவுக்குப் பெற்றோரின் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் வேண்டும் என்று துறையில் சொன்னபோது, எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய வழக்காக மாறும் என்று நான் எண்ணவில்லை. போவது கோடைக்கானல். பார்ப்பது 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்த இடம். இயற்பியல் படிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய திருத்தலம் உண்டோ? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலை ஏறப்போகும் முதல் ஆளும் நானே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் மூன்று ஆண்டு கொத்தனார் வேலை பார்த்த அப்பாவை எப்படித்தான் மறந்தேனோ!

அம்மா கடிதத்தைத் தொடவே இல்லை. "வேற எங்க வேணா போ கண்ணு. பொண்ணுங்கள எல்லாம் ஒரே பஸ்ல ஏத்திக்கினு போற டூரு மட்டும் வேணாம்" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? எங்கள் ஊரிலிருந்து நான் வரும் பேருந்து நாள்தோறும் இலக்கியம்பட்டியைக் கடந்துதான் வருகிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அங்கேதான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் கல்விச் சுற்றுலா வந்த பேருந்தை மறியல் செய்தவர்கள் கொளுத்தினார்கள். மூன்று மாணவியர் உள்ளேயே கருகி மாண்டார்கள். அன்று அம்மாவுக்கு என் வயதுகூட இல்லை. கடலைக்காட்டில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவள் அவள்.

"எதுக்கும்மா கொளுத்துனாங்க?" என்று கேட்டேன்.

"ஏதோ கேசுல தீர்ப்பு வந்துச்சாம்."

என்ன கேசு? அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன்; தோழிகளுக்கும் தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தபோது ஒரு கணம் திகைத்துப்போனேன். நான் போக ஆசைப்பட்ட அதே கோடைக்கானலில், ஒரு மலைச்சரிவில் எழுந்த 'பிளசண்ட் ஸ்டே' என்னும் தங்கும் விடுதியைப் பற்றிய வழக்கு அது!

விதிப்படி இரண்டு தளமே கட்டலாம் என்றிருந்த இடத்தில் ஏழு தளம் எழும்பியது. 1994 மே மாதத்தில் அரசு அதற்கு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக்காக அங்கு வாழ்வோர் நடத்தி வந்த ஓர் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 1995-இல் உயர் நீதிமன்றம் அந்த விதிவிலக்கைச் செல்லாது என்றது. பிறகு அதுவே குற்ற வழக்காகி, 2000 பிப்ரவரி 2-இல் தனி நீதிமன்றம் முன்னாள் முதலமைச்சர் செல்வி ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்றுதான் சாலை மறியல், அன்றுதான் தீ. மேல்முறையீட்டில் 2001 டிசம்பரில் அவர் விடுதலை செய்யப்பட்டார் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மலர்க்குழுப் பேராசிரியர்கள் சிவப்பு மையைத் திறக்க வேண்டாம். கட்சி பேசுவது என் நோக்கமன்று. பேருந்தை எரித்தவர்களில் மூவருக்கு 2007-இல் தூக்கு விதிக்கப்பட்டதும், 2016-இல் அது ஆயுள் தண்டனையானதும், 2018-இல் அவர்கள் வெளியே வந்ததும் பலரும் அறிந்தவை. அந்த ஏழு தளத்தை அல்லவா நாம் மறந்துவிட்டோம்!

மலையில் மாடி கூடினால் அப்படி என்ன கேடு? இதை அப்பாவிடம் கேட்டேன். அவர் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அன்று இரவு அவர் சொன்னது எந்தப் பாடத்துக்கும் குறைந்ததன்று.

"சமதரையில வீட்டுக்கு அடியில மட்டும் பாத்தாப் போதும். மலையில நாலு பக்கமும் பாக்கணும். சரிவ வெட்டித்தான் மட்டம் பண்ணுவோம். வெட்டுன பக்கம் மேல இருக்கிற மண்ணுக்குக் கால் போச்சு. வெட்டுன மண்ண அந்தப் பக்கம் கொட்டுவோம். அது இறுகவே இறுகாது. இதுல மழத்தண்ணி உள்ள பூந்துச்சுன்னா சுவரத் தள்ளிடும். அதுக்குத்தான் தடுப்புச் சுவத்துல ஓட்ட விட்டுக் கட்டுறது."

முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் சாய்தளத்தின் மேல் கட்டையை வைத்து, அது எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று நாம் அளந்தோமே, நினைவிருக்கிறதா? உராய்வு இருக்கும் வரை கட்டை நிற்கும். மலை மண்ணில் நீர் புகுந்தால் அதன் அழுத்தம் மண்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது, எடையோ கூடுகிறது. அப்பா சொன்னதும் அதுதான். எனக்கு மதிப்பெண் கிடைத்தது. அவருக்குக் கூலி கிடைத்தது.

ஏற்காட்டில் அவர் வேலை செய்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வரைபடத்தில் இருந்ததற்கு மேல் ஒரு தளம் ஏற்றினார்களாம். தடுப்புச் சுவரில் ஈரம் வடிந்தால் பார்ப்பதற்கு அசிங்கம் என்று ஓட்டைகளையும் பூசி அடைக்கச் சொன்னார்களாம்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"சொன்னா மறுநாள் வேற கொத்தனாரு வருவான்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. அந்தச் சாந்தைப் பூசியது அவர் கை.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. மலைக் கிராமங்களுக்கென்றே 1990-இல் ஏற்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்கும் முறையும் இருக்கிறது. இத்தனை கண்கள் பார்த்தும், சுவரின் ஓட்டை அடைபட்டதை அறிந்தவர் அதை அடைத்த கொத்தனார் மட்டுமே. அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு உருண்டு வந்து அடிவாரத்து வீட்டை மூடி ஏழு பேர் இறந்தபோது, அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அந்த வீடு வேறு, ஏற்காட்டுக் கட்டடம் வேறு என்பது அவருக்குத் தெரியாததன்று. ஏன் எழுந்து போனார் என்பது எனக்கு அன்று புரியவில்லை.

நூலகத்தில் படித்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டுகளாக அவள் மனத்தில் காரணமின்றி எரிந்துகொண்டிருந்த பேருந்து அது. "ஒரு ஓட்டலுக்கா?" என்று இரண்டு முறை கேட்டாள். கடிதத்தை அன்றும் தொடவில்லை. மறுநாள் காலையில் என் பைக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருந்தது, கையொப்பத்தோடு.

சுற்றுலா அன்று விடியுமுன்னே கிளம்பினோம். இலக்கியம்பட்டியைக் கடக்கும்போது தோழிகள் பாட்டுப் போட்டியில் இருந்தார்கள். அம்மாவுக்குக் கைபேசியில் பேசி, "தாண்டிட்டோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆய்வகத்தில் பேராசிரியர் காட்டிய சூரியனின் பிம்பத்தைப் பற்றி எழுத வேறொரு கட்டுரை வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது நான் அப்பா சொல்லி அனுப்பியதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சன்னல் வழியே ஒவ்வொரு தடுப்புச் சுவராகப் பார்த்தேன். சிலவற்றில் ஓட்டைகள் இருந்தன. நீர் வடிந்து, பெரணிச்செடி முளைத்துத் தொங்கியது. சிலவற்றை வழவழவென்று பூசி வைத்திருந்தார்கள்.