காப்புப் பருவத்திற்கு முன்

பிள்ளைத்தமிழ் பயிலும் மாணாக்கர் பத்துப் பருவங்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். காப்பு முதல் அம்புலி ஈறாகிய ஏழும் இருபாற் பிள்ளைகட்கும் பொது. எஞ்சிய மூன்றே ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடும். பாட்டியல் நூல்களிற் காணும் ஒரு முறைப்படி, முதற் பருவமாகிய காப்பு மூன்றாந் திங்களிலே தொடங்கும். பத்தாம் பருவம் இருபத்தோராந் திங்களில் நிகழும். அங்ஙனமாயின், முதலிரு திங்களில் நிகழ்வன யாவை? இவ்வினாவை யான் வகுப்பிற் கேட்டிலேன். சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லமே அதனைக் கேட்டு, விடையும் பகர்ந்தது.

என் தமக்கையார் தலைப்பிரசவத்திற்காகப் பாளையங்கோட்டையிலுள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்தார். ஏப்ரல் மாத இறுதியில் ஆண்மகவு பிறந்தது. உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டப்பட்டது. அடுக்களையில் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் மணந்தன. யானோ தாய்மாமனாகிய பெருமிதத்தாற் பூரித்தேன். அப்பெருமிதம் அன்றிரவு ஒரு மணி வரையில்தான் நிலைத்தது.

பிறந்த மகவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்கும் என்பர். உண்மையே, ஆயின், இரண்டு மூன்று மணிக்கொருமுறை துண்டுபடும் உறக்கம் அது. இரைப்பை மிகச் சிறிதாதலின் அடிக்கடி பசிக்கும். இரவு இது, பகல் இது என்னும் பாகுபாடு அவ்வுடம்பில் அமைதற்குச் சில மாதங்கள் செல்லும். இவற்றையெல்லாம் யான் பின்னரே அறிந்தேன். அன்று அறிந்தது, என் உறக்கம் கெட்டது என்பதொன்றே. "பிள்ளையை அமர்த்த அக்காவுக்குத் தெரியாதா?" என்று அன்னையாரிடம் முணுமுணுத்தேன். அச்சொல் சுவருக்கப்பாலும் கேட்டதென்று பின்னர் அறிந்து நாணினேன்.

நிற்க. பாட்டியார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்றார். மருத்துவரோ ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீருங் கூடாது என்று கூறியிருந்தார். முதல் வாரத்தில் மகவின் எடை சிறிது குறைந்தது. அஃது இயல்பே என்றும், இரண்டு வாரத்திற்குள் மீளும் என்றும் அவர் முன்னரே சொல்லியிருந்தும், வந்தவரெல்லாம் "பால் போதவில்லை" என்று தீர்ப்பளித்துச் சென்றனர். அத்தீர்ப்பு யார்மேல் விழுந்தது என்று எவரும் எண்ணிற்றிலர்.

அத்தான் தூத்துக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்திற் பணிபுரிபவர். 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்றபோது, தாய்மார்க்கு 12 வாரமாயிருந்த விடுமுறை 26 வாரமாயிற்று. தந்தையர்க்கு அத்திருத்தம் ஒரு நாளும் தந்திலது. நான்காம் நாளே அவர் பணிக்கு மீண்டார். சனிக்கிழமை மாலைகளில் வருவார். விருந்தினர்போலக் கூடத்தில் அமர்த்தப்படுவார். மகவைத் தூக்க முற்பட்டால், "கழுத்து நிற்காத பிள்ளை, இங்கே கொடுங்கள் மாப்பிள்ளை" என்று அன்னையார் வாங்கிக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் இரவு, தண்ணீர் அருந்த எழுந்தேன். அடுக்களையில் விளக்கின்றித் தமக்கையார் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"தெரியவில்லை தம்பி. எல்லாரும் பிள்ளையைப் பார்த்து மகிழ்கிறீர்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. நான் ஒரு தாய்தானா?"

யான் கற்ற நூல்களில் இதற்கு விடையில்லை. அருகில் அமர்ந்தேன், வேறொன்றுஞ் செய்ய அறிந்திலேன்.

மறுநாள் நலம் விசாரிக்க வந்த செவிலியர் அம்மையார், மகவை நிறுத்துப் பார்த்த பின் தமக்கையாரை நோக்கி, "நீ தூங்கினாயா அம்மா?" என்றார். பத்து நாட்களில் எம் வீட்டில் அவ்வினாவை வினவியவர் அவரொருவரே. பேற்றின்பின் வரும் இத்துயரம் தாய்மாரிற் பலர்க்கும் நேர்வதென்றும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் நீங்குமென்றும், நீங்காவிடின் நாணாது மருத்துவரை நாட வேண்டுமென்றும் அவர் எடுத்துரைத்தார்.

அச்சனிக்கிழமை யான் அத்தானிடம் யாவற்றையுங் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அன்றிரவு பால்குடித்த மகவைத் தாமே தோளிற் சாய்த்துக்கொண்டு முற்றத்திற்குச் சென்றார். கைகள் நடுங்கின, மகவு வீறிட்டது. அன்னையார் எழுந்தார். "இருக்கட்டும், அது அவர் பிள்ளை" என்றார் தந்தையார். அத்தான் நடந்துகொண்டேயிருந்தார். தமக்கையார் அன்று மூன்று மணி நேரம் இடையறாது உறங்கினார். அவர் இல்லாத நாட்களில் அந்நடை எனக்கும் தந்தையார்க்கும் உரியதாயிற்று. சிறிது சிறிதாகத் தமக்கையார் முகம் தெளிந்தது; மூன்றாம் வாரக் கடைசியில், எவரும் கேளாமலே, தொட்டிலருகில் தாலாட்டொலி கேட்டது.

ஆறாம் வாரத்தில் ஒருநாள், மகவு அத்தானின் முகம் நோக்கி நகைத்தது. "முதற் சிரிப்பு எனக்கே!" என்று அவர் வீடெங்குங் கூவினார். தமக்கையார் என் காதருகே, "என்னைப் பார்த்து முந்தாநாளே சிரித்துவிட்டான், அவரிடம் சொல்லிவிடாதே" என்றார். தாய்தானா என்று ஐயுற்றவர் இவர்தாமோ என வியந்தேன்.

அன்றைக் குடும்ப ஜெபத்தில் தந்தையார், நாடோறும் மகவின் பெயரை மட்டுமே சொல்லி வேண்டியவர், அதன் தாய் தந்தையர் பெயரையுஞ் சேர்த்து, இவர்களையும் காத்தருளும் என்று வேண்டினார். அம்முதலிரு திங்களில் எம் வீட்டிற் பிறந்தோர் மூவர் என்பது எனக்கு அப்பொழுதே விளங்கிற்று. மூவர்க்கும் காப்பு வேண்டியிருந்தது. இருவர்க்கு நாங்கள் அதனைச் சிறிது காலந்தாழ்த்தே அளித்தோம்.

நண்பர்காள்! நும் இல்லத்திலும் தொட்டில் கட்டப்படும் நாள் வரும். அன்று மகவைக் கண்டு மகிழுமுன், அதனைப் பெற்றவரிடம், "தூங்கினீர்களா?" என்று ஒருமுறை கேண்மின்.