விளக்கின் வயர் எங்கே தொடங்குகிறது?

கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டி, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்தத் தொடர்மாடி இருக்கிறது. லிப்ட் பொத்தான்களையும் நீர்ப்பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் புதிதாக மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே வேலை செய்யும் எலெக்ட்ரீசியன் அண்ணையிடம் கேட்டுக்கொண்டு பார்க்கப் போனேன். அழுத்தியதும் ஒளிரும் பொத்தானை நாள் முழுக்கத் தொடுகிறோம். அந்த வெளிச்சம் நமக்கு என்ன சொல்கிறது, சொல்வது உண்மைதானா என்பதை அறியவே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். மேற்கே கடல். கண்ணாடி வாசல் வழியே வெயில் நேரே லிப்ட் வாசலில் விழுந்துகொண்டிருந்தது. மாற்றப்படாத பழைய பொத்தானைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் மட்டுந்தான் ஒளிரும். அந்த வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்று பார்க்க உள்ளங்கையால் மறைக்கவேண்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று தடவை அழுத்தினார்கள். புதிய பொத்தானில் இலக்கமே முழுதாக ஒளிர்கிறது, கூடவே மெல்லிய ஒலியும் வருகிறது. ஒரு தடவை தொட்டவர் கையை எடுத்துக்கொண்டு நின்றார்.

ஒலி கண் தெரியாதவருக்கு, ஒளி காது கேளாதவருக்கு. லிப்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 81-70 இரண்டையும் கேட்கிறது. பொத்தான் குறைந்தது 20 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டவேண்டும், அபாய மணிப் பொத்தான் மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சாய்தளம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் லிப்ட் பொத்தானையும் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

பிறகு கீழே பம்பி அறைக்குப் போனோம். கழற்றி வைத்திருந்த பழைய பொத்தான் ஒன்றை அண்ணை என் கையில் தந்தார். 22 மில்லிமீட்டர் வகை. உலகம் முழுக்கப் பெட்டிகளில் இதற்குத் துளை ஏறத்தாழ 22.5 மில்லிமீட்டர்தான், அதனால் ஒரு கம்பனியின் பொத்தானை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். முன்னே விரல் படும் தலை, நடுவே இறுக்கும் வளையம், பின்னே தொடுகைக் கட்டைகள். 13, 14 என்று எழுதியிருப்பது அழுத்தும்போது இணையும் தொடுகை. 21, 22 என்பது அழுத்தும்போது பிரியும் தொடுகை. விளக்குக்கு எக்ஸ்1, எக்ஸ்2 என்று தனி முனைகள். சுவிட்சும் விளக்கும் ஒரே உறைக்குள் இருக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் உள்ளே எந்தத் தொடர்பும் கிடையாது. வெளியே வயர் பூட்டுகிறவர்தான் தொடர்பை உண்டாக்குகிறார்.

உள்ளே இருந்தது இழை மின்குமிழ். கண்ணாடி கறுத்துப்போயிருந்தது. அதன் சூட்டில் பச்சை மூடி வெளிறி, ஓரம் வெடித்திருந்தது. பின்பக்கத் திருகாணிகளில் கடலுப்பால் துரு ஏறியிருந்தது. புதிதாகப் பூட்டியது எல்ஈடி. சூடு குறைவு, பல்லாயிரம் மணித்தியாலம் எரியும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. நீண்ட கேபிளில் பக்கத்து வயரிலிருந்து கசியும் சொற்ப மின்னோட்டமே அதை மங்கலாக ஒளிரவைத்துவிடும். இழைக்குமிழ் அதற்கெல்லாம் அசையாது. இதற்கென்று கசிவைத் தாங்கும் எல்ஈடி கட்டைகளும் வருகின்றன. அணைந்திருக்கவேண்டிய விளக்கு அரைகுறையாக ஒளிர்ந்தால் பார்ப்பவர் எதை நம்புவார்?

பழைய பெட்டியின் பெரிய கோளாறு வேறு. “பச்சை எரிஞ்சுகொண்டே இருக்கும் தம்பி, மேல் டாங்கியில சொட்டுத் தண்ணி இராது,” என்றார் அண்ணை. “மோட்டர் ஓவர்லோட்டில விழுந்திருக்கும். இந்த லைட்டுக்கு அது தெரியாது. ஆரோ இதைப் பொத்தானிலேயே கொழுவி வைச்சிருக்கினம்.”

அழுத்தினால் அப்படியே நிற்கும் வகைப் பொத்தான் அது. விளக்கின் வயர் அந்தப் பொத்தானின் தொடுகையிலிருந்தே தொடங்கியிருந்தது. ஆகவே அந்த வெளிச்சத்துக்கு ‘யாரோ அழுத்தினார்கள்’ என்பது மட்டுந்தான் தெரியும். மோட்டருக்கு மின் கொடுக்கும் கொன்டாக்டரின் துணைத் தொடுகையிலிருந்து வயரை எடுத்திருந்தால் ‘மோட்டருக்கு மின் போகிறது’ என்று சொல்லியிருக்கும். குழாயில் ஒரு நீரோட்ட சுவிட்ச் வைத்து அங்கிருந்து எடுத்தால் ‘தண்ணீர் ஓடுகிறது’ என்று சொல்லும். விளக்கு ஒன்றுதான், பச்சையும் ஒன்றுதான். சொல்லும் சேதி மூன்று. புதிய பெட்டியில் அண்ணை பச்சையைக் கொன்டாக்டரிலிருந்து எடுத்திருக்கிறார், மிகைச்சுமையில் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே விழுந்தால் எரிய மஞ்சள் விளக்கொன்றைத் தனியே வைத்திருக்கிறார், எல்லா விளக்குகளையும் ஒன்றாக எரியவைத்துப் பார்க்கச் சோதனைப் பொத்தானும் போட்டிருக்கிறார். அது அவசியம். பழுதான விளக்கும் அணைந்த விளக்கும் பார்வைக்கு ஒன்றுதான்.

தண்ணீர் டாங்கியோடு முடிகிற விஷயமல்ல இது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின் போகிறதா என்பதை மட்டுமே அது காட்டியது. மின் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையம் பாதியளவு உருகியது. விபத்துக்குக் காரணங்கள் பல, அந்த விளக்கு அவற்றில் ஒன்று.

நிறத்துக்கும் ஒழுங்கு உண்டு. இயந்திரங்களுக்கான ஐஈசி 60204-1 தரத்தின்படி தொடக்கும் பொத்தானுக்குச் சிவப்பு கூடாது. அவசர நிறுத்தத்துக்குச் சிவப்பு, அதன் பின்னணி மஞ்சள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால் நிறத்தோடு குறியும் வேண்டும். தொடக்கத்துக்கு ஒரு நேர்கோடு, நிறுத்தத்துக்கு ஒரு வட்டம். மூன்று மொழிகள் புழங்கும் கொழும்பில் இந்த இரண்டு குறிகளுக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

தொடர்மாடிகளில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பெட்டி பூட்டியதும் அது அழகாக ஒளிர்வதைப் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள். மோட்டரை ஓடவிட்டு, ஓவர்லோட் ரிலேயில் இருக்கும் சோதனைப் பொத்தானை எலெக்ட்ரீசியனை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டர் நிற்கும்போது பச்சை விளக்கும் அணையவேண்டும். அணையாவிட்டால் வயரை மாற்றிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.