மேல் லயத்துக் கணக்கு

பதுளையில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என் முதல் வேலை, முற்றத்துப் பேணிகளைத் தாழ்வாரத்துக்குள் தூக்கி வைப்பதுதான். தை வரைக்கும் மழை விடாது. ரணகள்ளிக்கு அது ஆகாது. இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அது. வேர் ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். பேணியின் அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை, மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்றுமணல், விரல் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பராமரிப்பு இவ்வளவுதான்.

சிங்களத்தில் இதை ‘அக்கபான’ என்பார்கள். அக்கா தந்ததால்தான் அந்தப் பெயர் என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன்.

வாப்பா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சந்தியில் சிறுகடை வைத்திருந்தார். மேல் லயத்து அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கொப்பியில் எழுதச் சொல்லிச் சாமான் வாங்குவார். அவருடைய இஸ்தோப்பில் பால்மாப் பேணிகளில் இந்தச் செடிகள் வரிசையாக நிற்கும். ஒருநாள் ஓர் இலையை என் பாடக் கொப்பிக்குள் வைத்து, “பொறு தம்பி, குட்டி போடும்” என்றார். கொஞ்ச நாளில் இலை விளிம்பின் வெட்டுகளில் வேரோடு குருத்துகள் எட்டிப் பார்த்தன. மண்ணுமில்லை, தண்ணீருமில்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியா ஏற்கவேண்டியவர்கள் 5,25,000 பேர் என்று அதில் எழுதினார்கள். 1973இல் அக்காவின் குடும்பமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அவர் பிறந்தது நமுனுகுலை அடிவாரத்தில், இந்தியாவைக் கண்டதேயில்லை. இந்தச் செடியின் பூர்வீகம் மடகஸ்கார். அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

புறப்படுமுன் அக்கா கணக்குத் தீர்க்க வந்தார். காசு போதவில்லை. இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தை மேசைமேல் வைத்தார்.

“இத எடுத்துக்குங்க நானா.”

பதுளை மொத்தக் கடையில் வாப்பாவுக்கும் கடன் நின்றது. எடுத்துக்கொண்டார். பேணிகளை விலைக்குக் கேட்பாரில்லை. அவற்றை அக்கா எனக்கு விட்டுவிட்டுப் போனார். பதுளையில் கோச்சி, தலைமன்னாரில் கப்பல்.

குடம் அந்த மாதமே விலைபோனது. வாப்பா மௌத்தாகுமுன் இரண்டு தரம் சொன்னார்: “அந்தக் குடத்த நான் எடுத்திருக்கக் கூடா மகன். அந்தப் புள்ளைய எங்க சரி கண்டா ஹலாலாக்கச் சொல்லு.”

இலங்கையிலிருந்து போனவர்களுக்கென்று தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் உண்டு. கோத்தகிரி, கூடலூர் பக்கம் போய்வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். “பேரென்ன?” என்று திருப்பிக் கேட்டார்கள். வாப்பாவின் கடன் கொப்பியைப் புரட்டினேன். ‘மேல் லயம்’ என்று மட்டுமே இருந்தது. எத்தனையோ வருடம் எங்கள் கடையில் அரிசியும் மாவும் வாங்கிய மனுஷியின் பெயரை நாங்கள் எழுதி வைக்கவில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு வந்து இலை நுனியைக் கடித்தால் புளிக்கும். லுஹர் நேரம் சப்பென்றிருக்கும். இரவில் வாங்கிய காற்றைப் புளிப்பாகச் சேர்த்து வைத்து, பகலில் வாயை மூடிக்கொண்டு அதையே செலவழிக்கிறது செடி. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெயின் இந்தப் புளிப்பைப் பற்றி எழுதியது 1815இல் அச்சானது. செடி தன் கணக்கைத் தினமும் தீர்த்துவிடுகிறது. எங்களுடையது நிற்கிறது.

இலை கேட்டு வருபவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. பேணியோடு கொடுத்துவிடுகிறேன், மேல் லயத்து அக்கா தந்ததென்று சொல்லி.