"சரிஞ்சா யாரும்மா தோண்டுவாங்க?" - குல்மார்க் பனி கற்றுத்தந்த பாடம்!

பனிச்சரிவு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் 2016 பிப்ரவரிதான் ஞாபகம் வரும். சியாச்சினில் 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்கள் பனிக்குள் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ம் தேதி இறந்துபோனார். அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் திருவதிகையில் பனி என்றால், மார்கழிக் காலையில் கெடிலம் பக்கம் தெரியும் மூட்டம்தான். அது ஆளைப் புதைக்கும் என்பதே எனக்குப் புதுசு.

அதனால், "குல்மார்க் போய் பனிச்சறுக்கு கத்துக்கலாம்டி" என்று தோழிகள் கூப்பிட்டபோது அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "சரிஞ்சா யாரும்மா தோண்டுவாங்க?" நெய்வேலி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மண்ணைப் படிப்படியாக வெட்டாமல் செங்குத்தாக வெட்டினால் என்ன ஆகும் என்று அறிந்தவர்.

பனியும் அடுக்கடுக்காகத்தான் சேர்கிறது. அடியில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால், மேலே இருக்கும் கெட்டி அடுக்கு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் இது அதிகம். சறுக்குபவர்களுக்குப் பிடித்ததும் அதே சரிவுகள்தான்! சறுக்கப் போனவர்கள் பலியாகும் விபத்துகளில், பெரும்பாலும் பனியைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ, கூட வந்தவரோதான்.

புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால், பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. மீட்புக் குழு மலையேறி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். ஆக, தோண்ட வேண்டியது பக்கத்தில் நிற்கும் தோழிதான்.

அதற்கு மூன்று பொருள்கள் ஒவ்வொருவரிடமும் வேண்டும். உடம்போடு கட்டிக்கொள்ளும் டிரான்ஸீவர், ஆழம் பார்க்கும் நீளமான குச்சியான புரோப், மடக்கு மண்வெட்டி. பயிற்சியாளர் ஒரு டிரான்ஸீவரைப் பையில் போட்டுப் பனியில் புதைத்துவிட்டு, எங்களைத் தேடச் சொன்னார். சிக்னலைப் பிடித்துப் பக்கத்தில் போய்விடலாம். தோண்டும்போதுதான் மூச்சு வாங்கும். நேராக மேலிருந்து தோண்டக் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே தோண்டிப் போக வேண்டும். முதலில் தேட வேண்டியது முகத்தை, மூச்சுக்காக.

கடைசி நாள். இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. கோண்டோலாவில் அஃபர்வாட் மலைக்கு ஏறி, எல்லைக்கு வெளியே யாரும் மிதிக்காத பனியில் சறுக்கலாம் என்றாள் ஒருத்தி. அதே அஃபர்வாட்டில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், குல்மார்க்கின் மேல் சரிவுகளில் 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்திருக்கிறார்கள். புதுப்பனி விழுந்த மறுநாள்தான் ஆபத்து அதிகம் என்று வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள். "நான் வரலை, நீயும் போகாதே" என்றேன். சாயங்காலம்வரை அவள் என்னோடு பேசவில்லை.

மலைக்குக் கிளம்புகிற தம்பி, தங்கைகளே... கருவியை வாடகைக்கு வாங்கிவிடலாம். பயிற்சியைக் காசு கட்டிக் கற்கலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் ஒருவரையாவது கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.